விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது

மதுரையில் அச்சடித்த பழைய பில் புத்தகம் எதைப் புரட்டினாலும் அடியில் இந்த வரி இருக்கும். என் அப்பா ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். கடைப்பெயரும் விலாசமும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அவற்றை ஒவ்வொரு ஈய எழுத்தாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்பதை மட்டும் கோத்தபடியே நூலால் இறுக்கிக் கட்டி, ஒரு தகரத் தட்டில் தனியாக வைத்திருப்பார். எந்தக் கடைக்கு பில் புத்தகம் அடித்தாலும் அதை எடுத்து அடியில் சொருகிவிடுவார். போடவா என்று அவர் கேட்டதில்லை, போடு என்று கடைக்காரர் சொன்னதும் இல்லை. பலசரக்குக் கடை, பாத்திரக்கடை, ரேடியோ கடை எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான். அடிக்கடி மை ஏறியதில் 'றப்ப' என்ற இடத்தில் எழுத்து மழுங்கிப்போய், ஊரில் பாதிக் கடைகளின் பில்லில் அந்த இடம் மட்டும் மங்கலாகவே விழும்.

இப்போது நான் ஒரு செல்போன் கடையில் பில் போடுகிறேன். ஆன்லைனில் வாங்கிய போனைக் கொண்டுவந்து "இதை எடுத்துக்கிட்டு வேற குடுங்க" என்று கேட்பவர்களுக்கு மறுமொழி சொல்வது என் வேலையில் பாதியாகிவிட்டது. அவர்கள் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அது ஏன் கிடைப்பதில்லை என்று புரிய, அப்பாவின் தட்டில் இருந்த அந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வரியை அப்படியே நம்பினால் நம் கடைவீதியைத் தெரிந்துகொண்டதாக ஆகாது. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் எடுத்த சேலையை மாற்றிக்கொள்வது எப்போதும் உண்டு. அதற்கென்று முறைகள் இருந்தன. காலையில் போணி ஆகும் முன் திருப்பிக் கொண்டு போகக் கூடாது. விளக்கு வைத்த பிறகு கல்லாவிலிருந்து பணம் எடுத்துத் தர மாட்டார்கள். வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே தயங்குவோம். சேலைக்குச் சேலை கிடைக்கும், ரொக்கம் கிடைக்காது. நகைக்கடையில் வேறு கணக்கு. அவர்கள் விற்ற நகையை அவர்களே எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் செய்கூலியும் சேதாரமும் போய்விடும். நேற்று வாங்கிய தோட்டை இன்று திருப்பினாலும் அந்த நட்டம் வாங்கியவருக்குத்தான்.

இந்த முறைகளுக்கெல்லாம் அடியில் இருந்தது முகம். அப்பா யார், எந்தத் தெரு, போன தீபாவளிக்கு எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்று தெரிந்த குடும்பத்துக்கு முதலாளி சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுப்பார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முதல் தடவையாக வந்து வாங்கிப் போனவர் மறுநாள் கிழிசலோடு வந்து நின்றால், பில்லைத் திருப்பி அந்த வரியைக் காட்டுவார்கள். அந்த வரி அச்சானது முகம் தெரியாதவருக்காகத்தான்.

சட்டம் அதை ஒருநாளும் முழுதாக ஏற்றதில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பொருளின் தரத்தைப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்றுதான் தொடங்குகிறது. ஆனால் இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லிக் கடைக்காரரின் திறமையை நம்பி வாங்கியிருந்தால் அந்த வேலைக்கு அது உதவ வேண்டும் என்றும், பொருளைப் பரிசோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஒரு ரேடியோவுக்காக யார் சிவில் கோர்ட்டுக்குப் போவார்கள்? சட்டம் புத்தகத்தில் இருந்தது, வரி பில்லில் இருந்தது.

பார்க்காமல் வாங்குவதும் ஆன்லைன் கொண்டுவந்த வழக்கம் இல்லை. இந்தியத் தபால் துறை 1877இலேயே வி.பி.பி. முறையைத் தொடங்கிவிட்டது. பொருள் தபாலில் வரும், தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும், அந்தப் பணம் அனுப்பியவருக்குப் போய்ச் சேரும். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து மருந்து, புத்தகம், கைக்கடிகாரம் என்று நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வரவழைத்தது இப்படித்தான்.

என் பெரியப்பாவும் வடக்கே ஏதோ ஊரிலிருந்து ஒரு கடிகாரம் வரவழைத்தார். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து, "மொதல்ல பணத்தக் கட்டுங்கண்ணே, அப்புறந்தான் பார்சலப் பிரிக்கலாம், ரூல் அது" என்றார். கட்டினார். பிரித்தால் உள்ளே குழந்தைகள் கட்டும் பொம்மைக் கடிகாரம், முள் இரண்டும் தாளில் வரைந்தது. "அண்ணே, நான் என்ன செய்ய முடியும்?" என்று தபால்காரர் நிஜமாகவே வருத்தப்பட்டார். பெரியப்பா எழுதிய கடிதம் விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தது.

பணம் முதலில், பிரிப்பது பிறகு. தூரத்திலிருந்து வாங்குவதன் பலவீனம் முழுவதும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் சிக்காகோவிலிருந்து 1872இல் தபால் வழி வியாபாரம் தொடங்கிய ஆரன் மான்ட்கோமரி வார்டு இதைச் சீக்கிரமே கண்டுகொண்டார். 1875இல், பிடிக்கவில்லை என்றால் பணம் வாபஸ் என்று அறிவித்தார். பார்க்காமல் வாங்கச் சொல்பவன் திருப்பி வாங்கவும் தயாராக இருக்க வேண்டும் என்பது அங்கே வியாபாரமாகவே வேரூன்றியது. இங்கே அதற்குச் சட்டம் வர வேண்டியிருந்தது, அதுவும் தாமதமாக வந்தது.

1986 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. 1999இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பில்லில் அந்த வரியை அச்சடிப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று மாநிலங்களுக்கு எழுதியது. அப்பா அப்போதும் அதைச் சொருகிக்கொண்டுதான் இருந்தார். ஒரு கடைக்காரர்கூட எடுத்துவிடச் சொல்லவில்லை.

செல்போன் இந்தக் கதைக்குள் வந்தது 1995இல். சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டு கம்பெனிகள் சேவை தொடங்கின. போன் வாங்க விவரம் தெரிந்தவர்கள் போனது பர்மா பஜாருக்கு. பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பங்களுக்குப் பிழைப்புக்காக 1969இல் அமைந்த கடைவரிசை அது. அங்கே பில் கிடையாது. சிம்மைப் போட்டு, பேசிப் பார்த்து, சார்ஜ் ஏறுகிறதா என்று கடையிலேயே சோதித்துவிட்டுப் பணத்தைக் கொடுக்க வேண்டும், படி இறங்கினால் பேச்சு முடிந்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பெரியப்பாவுக்குக் கிடைக்காத வரிசை அங்கே கிடைத்தது. பிரிப்பது முதலில், பணம் பிறகு.

எங்களைப் போன்ற பில் போடும் கடைகள் வந்தபோது டப்பாவின் சீல் முக்கியமாகிவிட்டது. சீல் உடைத்து, ஐ.எம்.இ.ஐ. எண்ணை பில்லில் ஏற்றியபின் அந்தப் போனைப் புதுசு என்று இன்னொருவருக்கு விற்க முடியாது. அதனால் வாங்கிய மறுநாள் ஆன் ஆகாவிட்டாலும், "சர்வீஸ் சென்டர்ல டி.ஓ.ஏ. சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்போம். வரும்போதே செத்துவந்த போன் என்று கம்பெனி எழுதித் தரும் சான்று அது. அது இல்லாமல் மாற்றிக் கொடுத்தால் டிஸ்டிரிபியூட்டர் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள மாட்டார். வாடிக்கையாளர் வெயிலில் அலைவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது இன்றும் மாறவில்லை.

2007இல் புத்தகம் விற்கத் தொடங்கிய பிளிப்கார்ட், 2010இல் போனும் விற்றது. அதே ஆண்டில் பொருள் வந்தபின் பணம் தரும் முறையையும் கொண்டுவந்தது. வி.பி.பி.யின் பேரப்பிள்ளை அது, ஆனால் பிடிக்காததைத் திருப்பி அனுப்பும் வழியோடு பிறந்த பிள்ளை. 2014 பிப்ரவரியில் மோட்டோ ஜி போன் அங்கே மட்டும் விற்பனைக்கு வந்தது, ஜூலையில் ஷியோமியின் எம்.ஐ. 3. எங்கள் கடைக்கு வந்து கேட்ட பையன்களிடம் "ஸ்டாக் இல்ல தம்பி" என்று சொல்லக்கூட முடியவில்லை, எங்களுக்கு அது வரவே வராது. அன்று எங்கள் முதலாளி பட்ட கோபம் எனக்கும் இருந்தது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உசிலம்பட்டிக்காரரின் முகம் பார்க்காமல், அவர் யார் என்று கேட்காமல், வீட்டு வாசலுக்கு வந்து பொருளைத் திருப்பி எடுத்துப்போனவர்கள் அவர்கள்தான். நம் கடைவீதி காலம் காலமாகச் செய்திருக்கக்கூடிய காரியம் அது.

அப்படியென்றால் ஆன்லைனில் வாங்கிய போனை ஏன் எங்கள் கடையில் திருப்ப முடியாது? ஒரு பெரியவர் மஞ்சப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். பேரன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தது, அவர் காதுக்குச் சத்தம் போதவில்லை.

"தாயி, ஒங்க கடையிலயும் இதே டப்பாதான அடுக்கியிருக்கு? இத வச்சுக்கிட்டு வேற குடு."

"அய்யா, இது நாங்க பில் போட்டது இல்லைங்களே."

"கம்பெனி ஒண்ணுதான தாயி?"

டப்பாவில் இருக்கும் பெயர் ஒன்றுதான். பில்லில் இருக்கும் பெயர் வேறு. வெளிநாட்டு முதலீடு உள்ள ஆன்லைன் சந்தைகள் சரக்கைத் தாமே வைத்து விற்கக் கூடாது என்பது 2016 முதல் விதி, 2019 பிப்ரவரியில் அது இன்னும் இறுகியது. எனவே அவர் பேரனுக்கு விற்றது அந்த ஆப் இல்லை, பெங்களூரு கிடங்கில் இருக்கும் யாரோ ஒரு வியாபாரி. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின், பில் போட்டவர்தான் அதற்கு கிரெடிட் நோட் போட்டு வரியைக் கழிக்க முடியும். நாங்கள் அந்தப் போனை எடுத்தால் பழைய போனாகத்தான் எடுக்க முடியும், விலையில் பெரும்பகுதி போய்விடும். அமெரிக்காவில் கோல்ஸ் என்ற கடைக்காரர்கள் 2019 முதல் தங்கள் எல்லாக் கிளைகளிலும் அமேசானில் வாங்கியதைத் திருப்பி வாங்கி அனுப்பிவைக்கிறார்கள். கடைகளுக்குள் ஒப்பந்தம் இருந்தால் நடக்கிற காரியம்தான்.

பெரியவரின் கேள்வி சரி என்றே நான் நினைக்கிறேன். குறைந்தது, தன் வலைத்தளத்திலும் தன் பெயர்ப்பலகை போட்ட ஷோரூமிலும் ஒரே போனை விற்கும் கம்பெனி, எங்கே வாங்கியிருந்தாலும் எங்கேயும் திருப்பி வாங்க வேண்டும். அந்தக் கணக்கை அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும்.

சட்டம் இப்போது வாங்குபவர் பக்கம் நிறையவே வந்திருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. அதே மாதம் வந்த விதிகள் ஆன்லைன் வியாபாரிக்கும் இதையே சொல்கின்றன. விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பெரியப்பாவுக்கு இந்த ஒரு பிரிவு இருந்திருந்தால் போதும்.

ஆகவே போன் வந்ததும் டப்பாவைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவையுங்கள், பில்லில் விற்றவர் பெயரைப் பாருங்கள், கெடு முடியும் முன் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த பில் புத்தகம் அடிக்கக் கொடுக்கும்போது அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.