டேஷ்போர்டு வினீரும் மூத்த பிளினியின் குற்றச்சாட்டும்: பழனி மலை ஈரத்தை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் மர வினீரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும், தெரிந்தோ தெரியாமலோ, ரோமானிய அறிஞர் மூத்த பிளினியின் பக்கமே சாய்கிறார்கள். கி.பி. 77இல் அவர் டைட்டஸுக்குக் காணிக்கையாக்கிய ‘இயற்கை வரலாறு’ 37 புத்தகங்கள் கொண்டது. அதில் 16ஆவது மரங்களைப் பற்றியது. வினீர் மீது அவர் அங்கே வைக்கும் குற்றச்சாட்டின் சாரம் இது: ஒரே மரத்தைப் பல முறை விற்பதற்காகவே மெல்லிய தகடுகளாக அறுக்கும் வித்தை உண்டானது, மலிவான மரத்துக்கு விலையுயர்ந்த மரம் பட்டையாகிப்போனது, ஆடம்பரம் தலைகாட்டிய இடம் இதுதான். கொடைக்கானல் பங்களாக்களின் வண்டிக் கொட்டகைகளில் பல மழைக்காலங்களைக் கழித்த ஒரு காரைச் சீராக்க முனைபவரிடம் “வினீர்தானே, உரித்துப் போட்டுவிட்டு நல்ல ஈட்டிப் பலகையாகப் போடுங்கள்” என்று சொல்லும் நண்பரும் பிளினியின் சீடரே. முழுப் பலகை நேர்மையானது, வினீர் ஏமாற்று என்ற எண்ணம் இரண்டாயிரம் ஆண்டாக நம்மோடு இருக்கிறது. அதை மறுப்பதே இக்கட்டுரையின் வேலை.

பிளினியின் கணக்கில் பிழையில்லை. ஓர் அங்குலப் பலகையை 0.6 மில்லிமீட்டர் கனத்தில் கத்தியால் சீவினால் ஏறக்குறைய 40 தகடுகள் தேறும். அவர் காலத்தில் சீவும் எந்திரம் கிடையாது. ரம்பத்தால்தான் அறுத்தார்கள், ரம்பப்பல் தின்றது போக மிஞ்சியது குறைவாகத்தான் இருந்திருக்கும். அப்படியிருந்தும் வணிகனுக்கு லாபமே. இந்த லாபம் பெருந்தொழிலாக மாறியது 19ஆம் நூற்றாண்டில். மார்க் புரூனெல் 1806இல் வினீர் அறுக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றதை அதன் வாசலாகக் கொள்ளலாம். நீரோ காலத்தில் ஆமை ஓட்டுக்குச் சாயம் ஏற்றி மரம்போலத் தோன்றவைத்து, கூடுதல் விலைக்கு விற்றார்கள் என்றும் பிளினி நொந்துகொள்கிறார். மர ரேகை அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை டேஷ்போர்டில் ஒட்டிய கார்களைப் பார்க்க நேர்ந்திருந்தால் அவருக்கு இன்னொரு புத்தகம் தேவைப்பட்டிருக்கும்.

ஆனால் வணிகன் எதனால் லாபம் அடைந்தான் என்பது ஒரு கேள்வி. தச்சன் எதற்காக அந்த வேலையைத் தொடங்கினான் என்பது வேறு கேள்வி. பிளினி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். எகிப்துச் சான்றுகள் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றன.

தீப்ஸ் மேற்குக் கரையில் உள்ள அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறை ஓவியம் கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் தச்சர்கள் கருநிறத் தகடு ஒன்றை வெளிர்நிறப் பலகைமேல் ஒட்டுகிறார்கள்; பக்கத்தில் பசைச் சட்டி அடுப்பில் இருக்கிறது. ஆக, ரோமானிய ஆடம்பரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு முன்பே வினீர் உண்டு. நல்ல மரம் விளையாத நாட்டில் கிடைத்ததைப் பரப்பிப் பயன்படுத்தினார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வது எளிது. அந்த விளக்கம் பாதி பிளினியையே ஆமோதிப்பதால் எனக்கு அது போதவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அதைவிடப் பழைய பொருள். சக்காராவின் படிக்கட்டுப் பிரமிடில், அலபாஸ்டர் பேழைக்குள் கிடைத்த மூன்றாம் வம்சத்து மரச் சவப்பெட்டி அது. அதன் சுவர் ஒரே பலகை அல்ல, ஆறு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர், ஓர் அடுக்கின் ரேகை நெடுக்கே ஓடினால் அடுத்ததன் ரேகை குறுக்கே ஓடுகிறது, மரமுளைகளால் இணைத்திருக்கிறார்கள். வெளிப்புறத்தில் பொன்தகடு போர்த்தியிருந்ததற்கான தடயமும் உண்டு. இந்தப் பொன்தகடுதான் என் வாதத்தின் ஆணி. பார்வைக்காகச் செய்தது பொன். அதன் அடியில் எவர் கண்ணுக்கும் படாமல் ரேகையை மாற்றி மாற்றி அடுக்கியதற்கு விற்பனைக் காரணம் சொல்லவே முடியாது. மரம் நீளவாட்டில் அநேகமாக அசைவதில்லை. அகலவாட்டில் ஈரத்துக்கேற்பப் பருத்துச் சுருங்குகிறது. அடுக்குகளைக் குறுக்கிட்டு வைத்தால் ஒன்றின் அசைவை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். இதை அந்தத் தச்சர்கள் அறிந்திருந்தார்கள் என்றே கொள்கிறேன். ஒரேயொரு பெட்டியை வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கலாம். பெட்டி ஒன்றுதான், ஆனால் ஆறு அடுக்கும் தற்செயலாகக் குறுக்கே அமைந்தன என்பதை நம்புவது அதைவிடக் கடினம்.

கார்களுக்கு வருவோம். சுவடிகளில் பாடபேதம் பார்ப்பவருக்கு ஜாகுவார் எக்ஸ்கே 120 ஒரு விருந்து. 1948இல் வெளிவந்த திறந்த ரோட்ஸ்டருக்கு டேஷ்போர்டில் தோல் உறை. அதே சேஸி, அதே 3.4 லிட்டர் எஞ்சினோடு 1951இல் வந்த நிலையான கூரைக் காருக்கும், 1953இல் வந்த டிராப்ஹெட் காருக்கும் வால்நட் வினீர். வினீரின் நோக்கம் பகட்டு மட்டுமே என்றால், உலகமே திரும்பிப் பார்த்த ரோட்ஸ்டருக்கு அல்லவா அதை முதலில் ஒட்டியிருக்க வேண்டும்? ஏற்றியிறக்கும் கண்ணாடிகூட இல்லாத அந்த வண்டியில் வெயிலும் மழையும் நேராகப் பலகையில் விழும். நல்ல கூரை உள்ள இடத்துக்கே மரம் போயிற்று. ரோட்ஸ்டர் பந்தய மனப்பான்மைக்காரரின் வண்டி, அதனால்தான் அலங்காரம் குறைவு என்ற மறுப்பு எழலாம். தோல் உறையும் மலிவானதல்ல என்பதே என் பதில். ஆனால் 1957இன் எக்ஸ்கே 150, கூரையுள்ள வடிவத்திலும் வால்நட்டைக் கைவிட்டுத் தோலுக்குப் போனது. இதை என் கூரைக் கோட்பாட்டால் விளக்க முடியாது. அங்கே ரசனை மாறியது என்று சொல்லி விலகுவதே முறை.

பிளினிக்குச் சாதகமான சான்றையும் மறைக்கக் கூடாது. 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டின் டேஷ்போர்டு அழுத்தி வார்த்த நார்ப்பலகை. விற்பனை தள்ளாடியது; லேலண்ட் நிறுவனம் ஸ்டாண்டர்ட்-டிரையம்பை வாங்கிய 1961இல் வெளிவந்த ஹெரால்டு 1200இல் எஞ்சினும் பெரிதானது, டேஷ்போர்டில் மர வினீரும் ஏறியது. இது அப்பட்டமான விற்பனை உத்தி. (நம் பெருங்களத்தூர் ஆலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பிறந்ததும் அதே ஆண்டில்தான்; ஆனால் அதன் எஞ்சின் 948 சிசியிலேயே நின்றுவிட்டது.) இதே ஹெரால்டின் சேஸி வழி வந்த ஸ்பிட்ஃபயர் 1962இல் மரமில்லாமல்தான் அறிமுகமானது. ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே மர டேஷ்போர்டு என்ற நினைப்பு வரலாற்றில் தொடர்ச்சியாக வந்ததல்ல, விட்டுவிட்டு வந்தது.

இனி, முழுப் பலகை என்ற ஆலோசனைக்கு. டேஷ்போர்டில் ஸ்பீடோமீட்டருக்கும் டேக்கோமீட்டருக்கும் இரண்டு பெரிய வட்டங்களும், சிறிய மீட்டர்களுக்கும் சுவிட்சுகளுக்கும் பல துளைகளும் வெட்ட வேண்டும். துளைகளுக்கிடையே மிஞ்சும் ஒடுக்கமான இடத்தில் முழுப் பலகை ரேகை வழியே பிளந்துவிடும். வால்நட் புடைப்பில் எடுத்த மரமென்றால் ரேகை எல்லாத் திசையிலும் சுழல்வதால் பலகையாகவே நிற்காது. பிளைவுட்மேல் தகடாக ஒட்டினால் மட்டுமே அந்தச் சுழி காருக்குள் வர முடியும். இங்கே வினீர் மலிவான மாற்று அல்ல, ஒரே வழி.

பழனி மலையில் இது கூடுதல் உண்மை. கொடைக்கானலுக்கு ஏறும் லா’ஸ் மலைப்பாதை 1914இல் முடிந்தது என்று சிலரும் 1916இல் திறந்தது என்று சிலரும் எழுதுகிறார்கள். பணி முடிந்த ஆண்டும் போக்குவரத்துக்கு விட்ட ஆண்டும் கலந்திருக்கலாம். எப்படியானாலும் அன்றுமுதல் வத்தலக்குண்டின் அனலிலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலுள்ள மூடுபனிக்கு ஒரு கார் சில மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. மரம் அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். உயரத்தில் புற ஊதா ஒளி கடுமை என்பதால் பழைய நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் மஞ்சளித்து வெடிக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அந்த வெடிப்பு வழியாகவும், பாலிஷ் படாத துளை விளிம்பு வழியாகவும் உள்ளே போகிறது. வினீர் முதலில் தூக்கிக்கொள்வது பெரும்பாலும் மீட்டர் துளைகளின் ஓரத்தில்தான்.

சீராக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, வயர்களுக்கு அடையாளம் கட்டி, பலகையை வெளியே எடுக்க வேண்டும். லேக்கரை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. அரை மில்லிமீட்டர் தகடு தேய்ந்து அடிமரம் தெரிந்துவிடும். கரைப்பான் தடவி, மழுங்கிய தகட்டால் வழித்தெடுப்பதே பாதுகாப்பு. பிரிந்த இடத்தில் ஒட்டியிருந்தது வச்சிரப் பசையா, செயற்கைப் பிசினா என்பதைச் சுடுநீர்ச் சொட்டு காட்டிக்கொடுக்கும். வச்சிரமென்றால் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினாலே பழைய பசை மீண்டும் பிடிக்கும். யூரியா-ஃபார்மால்டிஹைடு என்றால் புதுப் பசை செலுத்தியே ஆக வேண்டும். போர்க்கால மஸ்கிட்டோ மர விமானங்கள் காசீன் பசையிலிருந்து இந்தப் பிசினுக்கு மாறியதை வைத்து, போருக்குப் பிந்தைய டேஷ்போர்டுகளில் எல்லாம் பிசின்தான் என்று முடிவுகட்டிவிடுவது அவசரம். மஸ்கிட்டோ விஷயத்திலேயே 1944இல் இந்தியாவில் மரம் பிரிந்ததற்குப் பசை காரணமா, பொருத்தியதில் குறையா என்று சர்ச்சை இருந்தது.

மாற்றுத் தகடு தேவைப்பட்டால் ஈட்டிமரத்தை நாடுவது இன்று எளிதல்ல. ஈட்டி அடங்கும் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல், சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளது. உள்நாட்டிலும் 1995இன் தமிழ்நாடு ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்து மரத்தையே வெட்டவிடாமல் காத்தது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு காபித் தோட்டங்களின் சில்வர் ஓக்கை நான் பரிந்துரைப்பேன். பிளைவுட்டுக்குப் போகும் அந்த மரத்தை மையத்திலிருந்து வெளிநோக்கி அறுத்தால் வலைபோன்ற மினுங்கும் கோலம் தெரியும். அது வால்நட் போலிருக்காது. வால்நட் என்று சாயம் பூசாமல் இருந்தால் பிளினிகூட ஆட்சேபிக்க மாட்டார்.

ஒன்று மட்டும் தேதி குறிக்கப்படாமல் நிற்கிறது. நல்ல டேஷ்போர்டில் பின்பக்கத்திலும் ஒரு வினீர் இருக்கும், மலிவான மரத்தில், வயர்களுக்குப் பின்னால். முன்பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை ஒரு பக்கமாக வளைந்துவிடும் என்பதற்காக ஒட்டியது அது. வாங்குபவர் ஒருபோதும் பார்க்காத இந்தத் தகடு, சக்காராவின் உள்ளடுக்குகளைப் போலவே, பிளினிக்கு எதிரான சாட்சி. ஆனால் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மரச்சாமான்களில் இது பரவலாக இல்லை. சக்காராவில் அறிந்தது இடையில் மறந்துபோனதா, பிளைவுட் ஆலைகள் வந்த பிறகு புதிதாகத்தான் கண்டுபிடித்தார்களா என்பதைத் தீர்மானிக்க, பின்பக்கம் படமெடுக்கப்பட்ட பழைய பலகைகள் இன்னும் நிறைய வேண்டும்.