வீட்டுத் தலைவனும் குருவானவரின் பேரேடும்

1529-இல் மார்ட்டின் லுத்தர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் முதலியவற்றை வினாவும் விடையுமாக விளக்கும் கைந்நூலாகும். சாக்சனிச் சபைகளைப் பார்வையிடச் சென்றபோது மக்களிடம் மட்டுமின்றிக் குருமாரிடமும் அவர் கண்ட அறியாமையே அந்நூலை எழுதத் தூண்டியது. ஆயினும் அதன் பகுதித் தலைப்புகள் கற்பிக்கும் பொறுப்பைக் குருவானவரிடம் விடாமல், பிள்ளைகளும் வேலையாட்களும் அடங்கிய வீட்டின் தலைவனிடமே ஒப்படைத்தன. வாரம் ஒருமுறையேனும் அவன் தன் வீட்டாரைக் கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டும் என்பது லுத்தரின் எதிர்பார்ப்பு. அவன் உண்மையில் அவ்வாறு செய்தானா என்பதை நாடு முழுவதும் வீடுவாரியாகக் கண்காணிக்கும் ஏற்பாடு, லுத்தரன் சபையை அரசுச் சபையாகக் கொண்ட சுவீடனில் உருவானது.

1686-ஆம் ஆண்டின் சபைச் சட்டம் பிள்ளைகளும் பணியாட்களும் வாசிக்கக் கற்று, வேதத்தில் சொல்லியிருப்பதைத் தம் கண்ணால் காண வேண்டும் என்று விரும்பியது. இதன்படி வலுப்பெற்ற வழக்கமே ‘ஹூஸ்ஃபர்ஹோர்’ எனப்பட்ட வீட்டுத் தேர்வு. ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதியான சேகரம் சிறு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குறித்த நாளில் ஒரு வட்டத்தினர் யாவரும் ஒரு பண்ணை வீட்டில் கூடுவர். குருவானவர் எஜமானனையும் மனைவியையும் பிள்ளைகளையும் வேலைக்காரரையும் முறையே வாசிக்கச் சொல்லி, ஞானோபதேசத்தில் கேள்வி கேட்டு, தம் பேரேட்டில் ஒவ்வொருவரின் பெயருக்கு நேரே மதிப்பைக் குறித்துக்கொள்வார். பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர வேண்டிய தந்தையும் அதே பேரேட்டில் மதிப்பெண் பெறுபவனாக இருந்தான் என்பது இம்முறையின் கூர்மையான அம்சம். தேர்வு முடிந்தபின் நடந்த விருந்து, பிற்காலத்தில் பாடத்தைவிட அதிக ஆயத்தத்துக்கு உரியதாயிற்று என்றாலும் வியப்பதற்கில்லை.

சட்டம் வீட்டுத் தலைவனைக் குறித்தபோதிலும் வாசிக்கக் கற்பித்தவர் பெரும்பாலும் தாய்மாரே. சேகரந்தோறும் பள்ளி வேண்டும் என்ற சட்டம் 1842-இல்தான் வந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே சுவீடனின் குடியானவருள் பெரும்பாலோர் அச்செழுத்தை வாசித்தனர், ஆனால் எழுதத் தெரிந்தோர் சிலரே. தேர்வில் வாசிப்பு சோதிக்கப்பட்டதேயன்றி எழுதுதல் சோதிக்கப்படவில்லை என்பதால் இந்த வேறுபாடு இயல்பானது.

வாசித்ததைக் குறித்துப் பிள்ளைகள் பெற்றோருடன் எவ்வளவு உரையாடினர் என்பது வேறு கேள்வி. பல பேரேடுகளில் மனப்பாடத்துக்கு ஒரு பத்தியும் பொருள் உணர்தலுக்குத் தனியே ஒரு பத்தியும் இருந்தன. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைத் தேர்வாளரே அறிந்திருந்தனர். ஆனால் விளக்கமும் அச்சிட்ட விடையாகவே வந்தது. 1689-இல் பேராயர் ஒலோஃப் ஸ்வெபிலியுஸ் வெளியிட்ட ஞானோபதேச விரிவுரையைப் பிள்ளைகள் மூலநூலோடு சேர்த்து நெட்டுருப் போட்டனர். வீட்டுப் பேச்சின் எல்லையையும் அரசே வகுத்தது. 1726-ஆம் ஆண்டு ஆணை, குடும்ப ஜெபத்தை அனுமதித்து, குருவானவர் இன்றி அயலார் கூடி வேதம் ஆராய்வதைத் தடைசெய்தது. தந்தை தன் மகனிடம் கேட்கக் கடமைப்பட்டிருந்த அதே கேள்வியைப் பக்கத்து வீட்டாரையும் கூட்டி வைத்துக் கேட்டால் அது குற்றமாகலாம். பக்தி இயக்கத்தினர் பலர் இதனால் தண்டம் செலுத்தினர். அந்த ஆணை 1858-இல்தான் நீக்கப்பட்டது. அப்போது பொதுப்பள்ளிகள் பரவிக்கொண்டிருந்தன. ஞானோபதேசமும் மெல்ல ஆசிரியரின் மேசைக்கு இடம்பெயர்ந்திருந்தது.