பதிவேடும் கையும்

எண்கள் பொய் சொல்லாது என்றொரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. எண்கள் தாமாக எதையுமே சொல்வதில்லை என்பது என் எண்ணம். யார், எதற்காகக் கூட்டிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம். 1840களின் வியன்னா பொது மருத்துவமனையை வைத்து இதைப் பேசலாம்.

அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், கல்யாணமாகாத தாய்மார்கள். இலவசப் பிரசவத்துக்கு அவர்கள் கொடுத்த விலை, படிக்கிறவர்களின் கைக்குத் தம் உடம்பை ஒப்படைப்பது. எந்த வார்டில் இடம் என்பது வந்து சேர்ந்த நாளைப் பொறுத்தது. 1846இல் மாணவர் வார்டில் 4010 பிரசவங்கள், 459 சாவுகள். மருத்துவச்சிகள் வார்டில் 3754 பிரசவங்கள், 105 சாவுகள்.

பதிவேடு படிக்காத பெண்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. மாணவர் வார்டு வேண்டாமென்று மண்டியிட்டு அழுதிருக்கிறார்கள். வழியில் தெருவிலேயே பெற்றவர்களைக்கூட அந்தக் காய்ச்சல் அவ்வளவாகத் தொடவில்லை. ஆனால் மருத்துவச் சொல்லாடலில் காரணம் காற்றில் இருந்தது. ஒரே ஊர்க் காற்று இரண்டு வார்டில் இரண்டு விதமாக எப்படிக் கொல்லும்? விசாரணைக் குழுவோ வெளிநாட்டு மாணவர்கள்மேல் பழியைப் போட்டது, முரட்டுத்தனமாகப் பரிசோதிக்கிறார்களாம்!

1847 மார்ச்சில் கொலெட்ச்கா என்ற மருத்துவப் பேராசிரியர், பிரேதப் பரிசோதனையில் மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டுச் செத்துப்போனார். அவர் உடம்பில் கண்டதும் அந்தத் தாய்மார்களின் உடம்பில் கண்டதும் ஒன்றே என்பதை உதவி மருத்துவர் செம்மல்வைஸ் கவனித்தார். பிணவறையில் அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவ வார்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறை வேலை கிடையாது. பிணத்தைத் திறந்து பார்த்த பார்வையில்தான் நவீன மருத்துவம் பிறந்தது என்றார் ஃபூக்கோ. அந்தப் பார்வைக்குக் கையும் இருந்தது. மே நடுவில் குளோரின் கரைசலில் கை கழுவுவது கட்டாயமானது. ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டுக்குச் சற்றே மேல். 1848இல் 3556 பிரசவங்களுக்கு 45 சாவுகள்.

அப்புறமும் அவர் ஜெயிக்கவில்லை. 1849இல் பதவி நீட்டிப்பு மறுக்கப்பட்டது. 1861இல்தான் புத்தகம் வந்தது. 1865இல் மனநோய் விடுதியில் 47 வயதில் இறந்தார். இதை ஒரு மேதையின் துயரக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் கதையாடலில் அழுத பெண்கள் மறுபடியும் சதவிகிதமாகிப் போகிறார்கள்.

நோயாளியை எண்ணுவதில் எந்த நிறுவனத்துக்கும் சங்கடமில்லை. தன் கையை எண்ணச் சொன்னால்தான் கோபம் வருகிறது. இன்று கை கழுவுவதையும் கணக்கெடுக்கிறார்கள். உள்ளே வந்தபின் பிடித்த தொற்றையும் எண்ணுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கு யார் மேஜையில் கிடக்கிறது? படுக்கையில் கிடக்கிறவள் அதைக் கேட்டால் காட்டுவார்களா? வியன்னாப் பெண்கள் எந்த வார்டு கொல்கிறது என்றாவது தெரிந்து அழுதார்கள். தொற்றுக் கணக்கை வார்டு வாசலில் எழுதிப்போடச் சொல்லிக் கேட்பதும் ஓர் அரசியல் கோரிக்கைதான்.