வெளியே போகும் கதவு

கலிபோர்னியாவின் சாசலிட்டோ ஊரிலிருந்து இயங்கிய 'த வெல்' என்ற கணினிக் களத்தில், 1990இல் ஓர் உறுப்பினர் தான் பல ஆண்டுகளாக எழுதிவந்த பதிவுகளை ஒரே மூச்சில் அழித்தார். தொலைபேசிக் கம்பியில் மோடத்தை மாட்டி ஆட்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. தன் பதிவைத் தானே அழித்துக்கொள்ள அங்கே ஒரு கட்டளை உண்டு. அதை ஒருவரின் எல்லாப் பதிவுகள்மீதும் வரிசையாக ஓட்டிவிடும் சிறு நிரல் ஒன்றை வேறோர் உறுப்பினர் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார். அது ஓடி முடிந்தபோது, பழைய உரையாடல்களில் நடுநடுவே ஓட்டை விழுந்திருந்தது. பதில்கள் இருந்தன, அவை எந்தக் கேள்விக்கான பதில்கள் என்று தெரியவில்லை.

அதையொட்டிக் கிளம்பிய சச்சரவை ஹோவர்ட் ரைன்கோல்ட் 1993இல் வெளிவந்த 'த விர்ச்சுவல் கம்யூனிட்டி' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். எழுதியவருக்கே அவருடைய சொற்கள் சொந்தம் என்பது த வெல்லின் அடிப்படை விதி. அப்படியானால் அழிக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்றார்கள் சிலர். பலரும் சேர்ந்து பேசியதை ஒருவர் மட்டும் பிய்த்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார்கள் மற்றவர்கள்.

இன்று செல்போனில் செட்டிங்ஸுக்குள் போய் நாலு இடத்தில் தட்டினால் ஒரு கணக்கு அழிந்துவிடும் போலத் தெரிகிறது. அந்த நாலு தட்டுக்குப் பின்னால் முப்பது ஆண்டு இழுபறி இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தாமாக முன்வந்து திறந்த வழி அதில் மிகக் குறைவு. புகார் கொடுத்த வாடிக்கையாளர்கள், செய்தியாளர்கள், கலைஞர்கள், ஒரு சட்ட மாணவர், அரசுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் என்று வெளியிலிருந்து தள்ளியவர்கள்தான் அதிகம்.

முதல் பெரிய தகராறு காசைப் பற்றியது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இணையத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஏஓஎல் நிறுவனத்துக்கு 2002 வாக்கில் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் சந்தாதாரர்கள் இருந்தார்கள். சேர்வதற்குத் தபாலில் வந்த சிடி போதும். விலக வேண்டுமென்றால் போன் செய்ய வேண்டும். எதிர்முனையில் இருக்கும் ஊழியருக்கு, விலக வந்தவரைப் பேசி மடக்கி வைத்துக்கொண்டால் ஊக்கத்தொகை. சொல்லியும் கணக்கை மூடவில்லை, மாதாமாதம் பணம் எடுக்கிறார்கள் என்று நியூயார்க் மாநிலத்தில் சுமார் 300 பேர் புகார் கொடுத்தார்கள். அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் விசாரித்தார். 2005 ஆகஸ்டில் ஏஓஎல் 12.5 லட்சம் டாலர் கட்டி, நடைமுறையை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டது.

அப்படியும் பழக்கம் போகவில்லை. 2006 ஜூனில் நியூயார்க்கைச் சேர்ந்த ஒருவர் தன் கணக்கை மூடப் போன் செய்து, அந்த உரையாடலைப் பதிவுசெய்து வெளியிட்டார். மூடுங்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்ல, ஏன் என்று ஊழியர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். தொலைக்காட்சிகள் அதை நாடு முழுக்க ஒலிபரப்பின. ஏஓஎல் மன்னிப்புக் கேட்டது. அந்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கியது. மடக்கி வைத்தால் பணம் என்ற ஏற்பாட்டை வகுத்தவர்களோ வேறு ஆட்கள்.

பேஸ்புக் காலத்தில் தகராறு காசிலிருந்து தகவலுக்கு மாறியது. 2004 பிப்ரவரியில் தொடங்கிய பேஸ்புக்கில் முதல் நான்கு ஆண்டுகளுக்குக் கணக்கை முடக்கி வைக்கும் வசதி மட்டுமே இருந்தது. முடக்கினால் பக்கம் மற்றவர்கள் கண்ணில் படாது. படம், நண்பர் பட்டியல், செய்தி எல்லாம் சர்வரில் அப்படியே கிடக்கும். முழுதாக விலக விரும்புகிறவர் ஒவ்வொரு படத்தையும், ஒவ்வொரு பதிவையும், ஒவ்வொரு நண்பரையும் கையால் நீக்கிவிட்டு, பிறகு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். மன்ஹாட்டன்வாசி ஒருவர் இப்படி இரண்டு மாதம் போராடி, வழக்குப் போடுவேன் என்று மிரட்டிய பிறகே விடுபட்டதாக நியூயார்க் டைம்ஸ் 2008 பிப்ரவரியில் எழுதியது. அதன் பிறகும் அவருடைய வெற்றுப் பக்கம் செய்தியாளர் கண்ணில் பட்டது. அதன் வழியே அவருக்குச் செய்தியும் அனுப்ப முடிந்தது. செய்தி வெளியான கையோடு, நிரந்தரமாக நீக்கக் கோரும் படிவம் ஒன்றைப் பேஸ்புக் வைத்தது.

மறு ஆண்டே இன்னொரு மோதல். பயனர் தன் படத்தையோ எழுத்தையோ நீக்கிவிட்டால் அதன்மீது நிறுவனத்துக்குள்ள உரிமம் முடிந்துவிடும் என்ற வரி பேஸ்புக்கின் விதிமுறையில் இருந்தது. 2009 பிப்ரவரியில் அந்த வரி ஓசைப்படாமல் காணாமல் போனது. ஒரு நுகர்வோர் வலைத்தளம் அதைச் சுட்டிக்காட்டியதும் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். சில நாள்களிலேயே பழைய விதிமுறை திரும்பி வந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரக் கலைஞர்கள் சிலர் 'வெப் 2.0 சூசைட் மெஷின்' என்ற கருவியை வெளியிட்டார்கள். பயனர் தன் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பார்க்கலாம். நண்பர்கள் ஒவ்வொருவராக நீங்குவார்கள், பதிவுகள் மறையும், கடைசியில் பாஸ்வேர்டும் மாறிவிடும். கணக்குக்குச் சொந்தக்காரராலேயே இனி உள்ளே நுழைய முடியாது. பேஸ்புக், மைஸ்பேஸ், ட்விட்டர், லிங்க்ட்இன் நான்கிலும் அது வேலை செய்தது. அடுத்த மாதமே பேஸ்புக் அதற்கு வழியை அடைத்து, வக்கீல் நோட்டீசும் அனுப்பியது. 2010 மே 31 அன்று பேஸ்புக்கை விட்டு விலகும் நாள் என்று டொரான்டோவில் இருவர் அழைப்பு விடுத்தார்கள். விலகுவதாக வாக்களித்தவர்கள் 30,000 பேருக்குச் சற்று மேல். அப்போது பேஸ்புக்கின் பயனர்கள் 40 கோடிக்கும் மேல்.

நீக்கு என்று அழுத்திய பிறகு உண்மையில் என்ன நடக்கிறது? 2009 மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். 16 தளங்களில் தளத்துக்கு ஒரு படத்தை ஏற்றினார்கள். படத்தின் நேரடி முகவரியைக் குறித்துக்கொண்டு, படத்தை நீக்கினார்கள். பிறகு அந்த முகவரியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார்கள். 30 நாள் கழித்தும் 7 தளங்களில் படம் வந்தது. பக்கத்திலிருந்து படம் போயிருந்தது, சர்வரிலிருந்து போகவில்லை.

காரணம் படங்களைச் சேமிக்கும் முறையில் இருக்கிறது. 'ஹேஸ்டாக்' என்ற தன் சேமிப்பு முறையைப் பற்றிப் பேஸ்புக் பொறியாளர்கள் 2010இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பயனர்கள் ஏற்றிய 6,500 கோடி படங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு அளவில் நகல். இவற்றைத் தனித்தனிக் கோப்பாக வைத்தால் தேடி எடுக்க நேரமாகும் என்பதால், லட்சக்கணக்கான படங்களை ஒரே பெரிய கோப்பில் அடுத்தடுத்துக் கோத்துவைத்தார்கள். நடுவிலிருக்கும் ஒரு படத்தை நீக்கும்போது, கணக்கு நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு மேலே போவதைப் போல, 'நீக்கப்பட்டது' என்ற குறி மட்டும் விழும். பிறகு எப்போதாவது அந்தப் பெரிய கோப்பையே புதிதாகப் படியெடுத்து, குறி விழுந்தவற்றை விட்டுவிடுவார்கள். ஓராண்டில் சுமார் 25 சதவீதப் படங்களைப் பயனர்கள் நீக்கிவிடுகிறார்கள் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. இவை போக, வேகத்துக்காக உலகெங்கும் வைத்திருக்கும் இடைநிலை நகல்கள், விபத்து நேர்ந்தால் மீட்க வைத்திருக்கும் பேக்கப் நகல்கள். எல்லா இடத்திலிருந்தும் ஒரு படத்தை எடுத்துவிட முடியும். அதற்கு ஆள் வேண்டும், காலம் வேண்டும். அதைவிட முக்கியமாக, செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் வேண்டும்.

அந்தக் கட்டாயத்துக்கு வழி போட்டவர்களில் ஒருவர் மாக்ஸ் ஷ்ரெம்ஸ். வியன்னாவைச் சேர்ந்த சட்ட மாணவரான அவர் 2011இல், என்னைப் பற்றி வைத்திருக்கும் தகவல் அனைத்தையும் கொடுங்கள் என்று பேஸ்புக்கின் ஐரோப்பியத் தலைமையகத்திடம் கேட்டார். ஐரோப்பியச் சட்டப்படி கொடுத்தாக வேண்டும். ஒரு சிடி வந்தது. அதில் 1,200 பக்கத்துக்கு மேல். அவர் எப்போதோ அழித்துவிட்ட செய்திகளும் அதற்குள் இருந்தன. அயர்லாந்தின் தகவல் பாதுகாப்பு ஆணையரிடம் அவர் 22 புகார்கள் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷனும் பேஸ்புக்மீது குற்றப்பட்டியல் வாசித்தது. கணக்கை நீக்கினால் படங்களை யாரும் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டுப் பார்க்க விட்டார்கள் என்பது அதில் ஒன்று. கணக்கை நீக்கிய 30 நாளுக்குள் அதிலிருந்தவை யார் கைக்கும் எட்டாதபடி செய்ய வேண்டும் என்பது சமரச உடன்படிக்கையின் நிபந்தனை.

அழிக்காமல் அழித்ததாகச் சொன்னதால் விளைந்த கேட்டை 2015 கோடை காட்டியது. திருமணமானவர்களின் ரகசிய உறவுக்கென நடந்த ஆஷ்லி மேடிசன் தளம், தடயமே இல்லாமல் முழுதாக நீக்கித் தர 19 டாலர் வாங்கியது. உள்ளே புகுந்து தகவல்களைத் திருடியவர்கள், இந்த வாக்குறுதி பொய் என்பதையே தங்கள் முதல் குற்றச்சாட்டாக வைத்தார்கள். ஆகஸ்டில் சுமார் 3.6 கோடிக் கணக்குகளின் விவரம் பொதுவெளியில் கொட்டப்பட்டது. காசு கட்டி நீக்கியவர்களின் தகவலைக்கூட நிறுவனம் 12 மாதம் வரை வைத்திருந்தது பிறகு விசாரணையில் தெரிந்தது. அழிக்கச் சொல்லிப் பணமும் கட்டிய மனிதர்களின் குடும்பங்கள் அதற்கு விலை கொடுத்தன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு, தன் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தனிமனிதருக்குத் தருகிறது. கோரிக்கைக்கு ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மீறினால் உலக வருவாயில் 4 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். சட்டத்தைவிடச் சாதாரணப் பயனருக்கு நெருக்கமாக வந்தது ஆப்பிளின் விதி. செயலிக்குள் கணக்குத் தொடங்க வசதி இருந்தால், செயலிக்குள்ளேயே அதை நீக்கவும் வசதி இருக்க வேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் ஆப் ஸ்டோரில் கட்டாயமாக்கினார்கள். 2023இல் கூகுள் பிளேயும் அப்படியே அறிவித்தது. சின்னஞ்சிறு விளையாட்டுச் செயலிக்குள்ளும் டெலிட் பட்டன் வந்ததற்கு இந்த இரண்டு விதிகளே காரணம்.

பட்டன் வந்தாலும் காத்திருப்பு போகவில்லை. மனம் மாறித் திரும்புவதற்குப் பேஸ்புக் கொடுத்த அவகாசம் 2018இல் 14 நாளிலிருந்து 30 நாளாகக் கூடியது. அதற்குள் ஒரு முறை லாகின் செய்து ரத்துசெய்தால் கணக்கு உயிர்பெற்றுவிடும். பேக்கப் உட்பட எல்லாம் அழிய 90 நாள் வரை ஆகலாம். நண்பருக்கு அனுப்பிய செய்தியோ அவருடைய இன்பாக்ஸில் இருந்துகொண்டேதான் இருக்கும். எதை எதோடு சேர்த்து அழிப்பது, எதை விட்டுவைப்பது என்று முடிவுசெய்யவே 'டெல்ஃப்' என்ற தனி அமைப்பைக் கட்டியதாக அந்நிறுவனப் பொறியாளர்கள் 2020இல் எழுதினார்கள்.

படங்களைக் கொண்டு பயிற்சி பெற்ற கணினி மாதிரி விஷயத்தில் கேள்வி இன்னும் ஆழமாகிறது. 'எவர்' என்ற படச் சேமிப்புச் செயலியை நடத்திய எவரால்பம் நிறுவனம், கணக்கை முடக்கினால் படங்களை அழித்துவிடுவதாகச் சொல்லியிருந்தது, அழிக்கவில்லை. 2021 ஜனவரியில் பெடரல் டிரேட் கமிஷன் வெளியிட்ட உடன்படிக்கை படங்களோடு நிற்கவில்லை. பயனர்களின் படங்களைக் கொண்டு உருவாக்கிய முக அடையாள மாதிரிகளையும் அழிக்கச் சொன்னது. கணக்கை மூடுவது என்பது அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததையும் தொடலாம் என்று ஓர் அரசு அமைப்பு சொன்ன ஆரம்ப காலத் தீர்வு அது.

இந்தியாவில் இந்த உரிமை இப்போதுதான் கண்விழிக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தகவலை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்தே நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். 2 கோடிக்கு மேல் பயனர் உள்ள சமூக ஊடகமும் ஆன்லைன் கடையும், மூன்று ஆண்டு எட்டிப்பார்க்காதவரின் தகவலைத் தாமாகவே அழிக்க வேண்டும். அதற்கு 48 மணி நேரம் முன்பாக அவருக்குச் சொல்லவும் வேண்டும்.

எதிர்ப்பக்கம் இழுக்கும் விதிகளும் இங்கேயே இருக்கின்றன. கணக்கை நீக்கிய பிறகும், அதைத் தொடங்கும்போது வாங்கிய விவரங்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். புதிய விதிகளும் சில தரவுகளையும் பதிவேடுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. குற்ற விசாரணைக்கு அவை தேவைப்படும் என்ற அரசின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் டெலிட் பட்டனை அழுத்துகிறவருக்கு இது தெரிய வேண்டும். எந்தத் தேதியில் எது அழியும், எது மிஞ்சும், எந்தச் சட்டத்துக்காக மிஞ்சும் என்ற மூன்று விவரங்களையும் அந்தப் பட்டன் இருக்கும் பக்கத்திலேயே, பயனரின் மொழியிலேயே எழுதிக்காட்ட வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். கடமைகள் நடைமுறைக்கு வருவதற்குள் அதைச் சேர்க்க மத்திய அரசுக்கு எந்தத் தடையும் இல்லை.