பாதி தட்டில், மீதி பெட்டியில்: ஃபோனோ ப்ரீஆம்ப் பிறந்த கதை

புதிதாக ரெக்கார்டு பிளேயர் வாங்குகிற பலருக்கும் முதல் நாளே ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். வயரை ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் சாக்கெட்டில் செருகி, எல்.பி. தட்டின் மேல் முள்ளை வைத்தால், பாட்டு கொசு ரீங்காரம் போலக் கேட்கும். வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் தேறாது. மிருதங்கத்தின் கனத்த ஒலிப் பக்கமான தொப்பி காணாமல் போய், வலந்தலை மட்டும் சுள்ளென்று காதைக் குத்தும். கடைக்காரரிடம் கேட்டால், “ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்கிப் போடுங்க சார்” என்பார்.

சத்தம் போதாததற்கு ஒரு பெட்டி தேவை என்பது எளிதில் புரியும். தொப்பி எங்கே போனது? அது தட்டிலேயே குறைத்துத்தான் வெட்டப்பட்டிருக்கிறது, வேண்டுமென்றே. அதை மீட்டுத் தருவதுதான் அந்தப் பெட்டியின் முதன்மையான வேலை. ஒலியைப் பெருக்குவது அதற்கு அடுத்த வேலை என்றே நான் நினைக்கிறேன். பெட்டியின் வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும்.

1925 வரை இசைத்தட்டுப் பதிவில் மின்சாரத்துக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. பெரிய கூம்புக்குள் பாடினார்கள். அந்த அதிர்வே மெழுகுத் தட்டில் கோடு கீறியது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் பொறியாளர்கள் ஜோசப் மேக்ஸ்ஃபீல்டும் ஹென்றி ஹாரிசனும் மைக், வால்வு ஆம்ப்ளிஃபையர், மின்காந்த வெட்டுமுனை மூன்றையும் இணைத்து ஒரு முறையை உருவாக்கினார்கள். 1925இல் விக்டர், கொலம்பியா இரு நிறுவனங்களும் அதற்கு உரிமம் பெற்றன. அதுவரை கூம்புக்குள் அகப்படாத தாழ்ந்த ஒலிகளும் தட்டில் ஏறின. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

மின்காந்த முனையிடம் ஒரே பலமுள்ள இரண்டு ஒலிகளைக் கொடுத்தால், இரண்டுக்கும் ஒரே வேகத்தில்தான் ஆடும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியில் ஓர் அசைவுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு, அதனால் கொஞ்சமாக ஆடும். 50 ஹெர்ட்ஸில் நேரம் 20 மடங்கு, ஆட்டமும் 20 மடங்கு. அப்படியே வெட்டினால் ஒரு கோடு பக்கத்துக் கோட்டில் போய் முட்டும். ஆகவே ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே பாஸைப் படிப்படியாகக் குறைத்து வெட்டினார்கள். மறுமுனையில் நேர் எதிரான தொல்லை. உச்ச ஒலிகளுக்கு முனை ஆடுவது மிகச் சிறிது, தட்டின் சொரசொரப்பே அவற்றை மூழ்கடித்துவிடும். எனவே டிரெபிளை ஏற்றி வெட்டும் வழக்கம் பின்னால் வந்தது. கேட்கும்போது அதே அளவுக்கு இறக்கினால், தட்டின் இரைச்சலும் கூடவே இறங்கிவிடும். எனக்கு இந்த யோசனையின் அழகு இன்றும் அலுக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் தனிப் பெட்டி உடனே பிறந்துவிடவில்லை. காரணம், முள்ளின் அசைவை மின்சாரமாக்க ரோஷல் உப்புப் படிகத்தில் செய்த கிரிஸ்டல் பிக்கப். அது முள்ளின் வேகத்தைப் பார்க்காது, எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதைப் பார்க்கும். அதனால் குறைத்து வெட்டிய பாஸ் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். மின்னழுத்தமும் தாராளமாக வரும். மலிவான ரேடியோகிராமிலும் சூட்கேஸ் பிளேயரிலும் அதுவோ, அதன் தம்பியான செராமிக்கோ இருந்தது. நம் ஊர்க் கல்யாண மைக் செட்டுகளில் ரெக்கார்டு பிளேயர் நேரே ஆம்ப்ளிஃபையருக்குப் போனதும் இந்தத் தயவில்தான். ஆனால் அந்த முள் கனமாக அழுத்தும், தட்டைத் தேய்க்கும்.

1940களின் பிற்பாதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வேரியபிள் ரிலக்டன்ஸ் என்ற காந்த பிக்கப் கார்ட்ரிட்ஜை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இலகுவான முள், தெளிவான ஒலி. ஆனால் அதிலிருந்து வந்தது சில மில்லிவோல்ட் மட்டுமே, பாஸும் குறைந்தபடியே வந்தது. வீட்டு ரேடியோவோடு அதை அப்படியே இணைக்க முடியாது. எனவே கார்ட்ரிட்ஜோடு சேர்த்து ஒரு சின்னப் பெட்டியையும் அந்த நிறுவனமே விற்றது. உள்ளே 6எஸ்சி7 என்ற ஒற்றை வால்வு, அதைச் சுற்றிக் கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர். ஒலியைப் பெருக்கிக்கொண்டே பாஸையும் தூக்கி நிறுத்தும். வீட்டு ரசிகர்களுக்கான ஃபோனோ ப்ரீஆம்பின் தொட்டில் என்று அந்தப் பெட்டியைத்தான் சொல்வேன்.

1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நியூயார்க்கில் எல்.பி.யை அறிமுகப்படுத்தியது. நுண்ணிய கோடுகள், நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும் சுற்று, பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் இசை. பாஸை எங்கிருந்து குறைப்பது, டிரெபிளை எவ்வளவு ஏற்றுவது என்பதில் மட்டும் கம்பெனிக்கு ஒரு கணக்கு. கொலம்பியாவுக்கு ஒன்று, ஆர்சிஏவுக்கு ஒன்று, லண்டன் டெக்காவுக்கு வேறொன்று. ஒரு தட்டுக்குச் சரியாக இருந்த பெட்டி அடுத்த தட்டில் பிசகியது.

நியூயார்க்கின் கியூ கார்டன்ஸில் வசித்த சால் மராண்ட்ஸ் என்ற வடிவமைப்பாளருக்கு இது பொறுக்கவில்லை. எந்தக் கம்பெனித் தட்டுக்கும் ஏற்றபடி பாஸையும் டிரெபிளையும் தனித்தனியாகத் திருப்பிவைக்கக் கூடிய ப்ரீஆம்பைத் தன் வீட்டிலேயே செய்தார். பெயர் ஆடியோ கன்சோலெட். மனைவி ஜீன் ஊக்கப்படுத்த, நூறு பெட்டிகள் செய்து விற்கத் துணிந்தார். ஒரு வருடத்துக்குள் நானூறு ஆர்டர் வந்தது. மராண்ட்ஸ் நிறுவனம் முளைத்தது இப்படித்தான்.

1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏ, பாஸையும் டிரெபிளையும் மாற்றும் அளவுகளுக்கு எல்லோருக்குமான ஒரே கணக்கை, அதாவது ஒரே வளைவை ஏற்றுக்கொண்டது. ஆர்சிஏ ஏற்கெனவே பயன்படுத்திவந்த கணக்குதான் அதற்கு அடிப்படை. 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால், கேட்கும்போது 20 ஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய ஒன்பது மடங்கு உயர வேண்டும், 20,000 ஹெர்ட்ஸ் பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். படிப்படியாக உலகமே இதற்கு மாறியது. ஆனால் விதி ஒன்றானதும் எல்லாப் பெட்டியும் சரியாகிவிடவில்லை. ஒலியியல் ஆய்வாளர் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் 1979இல் வெளியிட்ட கட்டுரை, புழக்கத்திலிருந்த பல சர்க்யூட்டுகளின் கணக்கே பிழை என்று காட்டியது. ஒரு ரெசிஸ்டர் மதிப்பு தவறினாலும் வளைவு கோணும், குரலின் நிறம் மாறும்.

எழுபதுகளில் இந்த சர்க்யூட் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டு ஆம்ப்ளிஃபையருக்குள்ளும் குடியிருந்தது. பின்பக்கத்தில் ‘ஃபோனோ’ என்றொரு ஜோடி சாக்கெட், பக்கத்தில் கிரவுண்டு திருகு. 1982இல் சிடி வந்தபின் செலவைக் குறைக்கக் கம்பெனிகள் முதலில் கழற்றி எறிந்தவற்றில் அதுவும் ஒன்று. தட்டைக் கைவிடாதவர்களுக்காக மறுபடி தனிப் பெட்டியாகப் பிறந்ததுதான் இன்று கடையில் கிடைப்பது.

அதைத் தேர்ந்தெடுக்கும்போது விலைச்சீட்டுக்கு முன் கார்ட்ரிட்ஜைப் பாருங்கள். மூவிங் மேக்னட் வகை 3 முதல் 5 மில்லிவோல்ட் தரும், அதற்கு நூறு மடங்கு பெருக்கமும் 47 கிலோ ஓம் லோடும் போதும். ஜப்பானின் டெனான் டிஎல்-103 போன்ற மூவிங் காயில் வகை 0.3 மில்லிவோல்ட்தான் தரும். அதற்கு ஆயிரம் மடங்கு வேண்டும், இரைச்சலும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். வயரையும் சேர்த்துக் கெபாசிட்டன்ஸ் எவ்வளவு இருக்கலாம் என்று கார்ட்ரிட்ஜ் குறிப்பில் போட்டிருப்பார்கள். அதை மீறினால் உச்ச ஒலி முதலில் துருத்தி, பிறகு சரியும். வளைவிலிருந்து பெட்டி எத்தனை டெசிபல் விலகுகிறது என்று எழுதாத தயாரிப்பை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

வீட்டில் கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் காலத்து 78கள் இருந்தால் சாதாரண ஆர்ஐஏஏ பெட்டி போதாது. அவை வெட்டப்பட்ட காலத்தில் அந்த வளைவே இல்லை. டிரெபிளை ஏற்றாமல் வெட்டிய தட்டில் இந்தப் பெட்டி இல்லாததைக் குறைத்து, குரலை மந்தமாக்கிவிடும். மராண்ட்ஸ் செய்ததுபோலத் திருகி மாற்றக்கூடிய பெட்டிகள் இன்றும் வருகின்றன. முப்பதுகளின் எச்எம்வி, கொலம்பியா தட்டுகளுக்கு பாஸை 250 ஹெர்ட்ஸை ஒட்டி வைத்து, டிரெபிள் குறைப்பை முழுக்க அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். எல்.பி. முள்ளை எடுத்துவிட்டு 78க்கான தடித்த முள்ளைப் போட்டுக்கொள்ளுங்கள். மோனோவுக்கு மாற்றினால் கரகரப்பும் பாதி அடங்கும்.