கொட்டியாரக் குடாவின் பனைகள்

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் துறைமுகத்திலேயே நங்கூரமிட்டு விடுகின்றனர். போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை, 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதை மாறிமாறிப் பிடித்தமை, 1942 ஏப்ரலில் யப்பானியர் வீசிய குண்டுகள். நானும் இவற்றைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றேன். துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் வாழ்ந்தோர் பஞ்ச மாதங்களில் எதை உண்டனர் என்று கேட்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. கேட்க வைத்தவர் ஓர் ஆங்கிலக் கைதி.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற கப்பல், பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரத்துக்கு வந்தது. அக்காலத்தில் கொட்டியாரம் கண்டி அரசின் கடல்வாசல். 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸையும் ஏனையோரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் 19 ஆண்டுகளின் பின், 1679இல், தப்பி ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலை அரசியலுக்காகப் படிப்போரே அதிகம். நான் மரங்களுக்காகப் படித்தேன்.

மலைநாட்டு மழைக்காடுகளின் இரண்டு பனைகளை அவர் விரிவாக வருணிக்கின்றார். ஒன்று கித்துள். அதன் இனிய சாறு காய்ச்சப்பட்டுக் கருப்பட்டியாகும்; நார் கயிறாகும்; கருமையான வைரம் உலக்கையாகும். மற்றையது தாளிப்பனை. ஓர் ஓலை பதினைந்து இருபது பேரை மழையில் நனையாமற் காக்குமாம். மடித்தால் ஒரு கை அளவுதான். படைவீரர் அதைத் தலையிற் பிடித்து நடந்தனர், இரவிற் கூடாரமாக்கினர். இவற்றினும் என்னைக் கவர்ந்தது வேறொன்று. தாளிப்பனை வாழ்நாளில் ஒரு முறையே பூக்கும், காய்த்ததும் பட்டுப்போகும். பூப்பதற்கு முன் வெட்டினால் அதன் சோற்றை இடித்து மாவாக்கி அடை சுடலாம். அறுவடைக்கு முன்னரான பசிக் காலத்தில் அதுவே உணவு. ஒரு மரம் பூக்கப் பல பத்தாண்டுகள் செல்லும் என்றால், இந்த மரத்துக்கு எத்தனை வயது என்று தலைமுறை தலைமுறையாக எவரோ கணக்கு வைத்திருக்க வேண்டும்.

கொட்டியாரக் கரை மழைக்காடன்று, வறண்ட வலயம். அங்கே அந்த இடத்தை வகித்தது நமது கற்பக தரு. மாரியில் கடல் கொந்தளிக்கும், வள்ளம் இறங்காது. வயலில் நெல் முற்றியிராது. அப்போது கைகொடுப்பது முந்திய ஆண்டில் உலர்த்தி வைத்த ஒடியல். ஆவணியில் விழும் பழங்களின் கொட்டைகளைப் பாத்தியிலிட்டுத் தையை ஒட்டிக் கிழங்கு கிண்டுவர். பச்சையாய்க் கிழித்துக் காய வைத்தால் ஒடியல், அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரிலிட்டுக் கசப்பைப் போக்கிய பின்னரே பிட்டோ கூழோ. இதனுடன் பாய், கடகம், சுளகு, உமல். செலிக்மன் தம்பதியர் 1911இல் வேடர் பற்றி வெளியிட்ட நூலில், தமிழ் பேசும் கரையோர வேடருக்கும் தனி அத்தியாயம் உண்டு. அம்மக்கள் வாழ்ந்த ஈச்சிலம்பற்றின் பெயரிலேயே மற்றொரு பனைச் சாதியான ஈச்சை ஒலிக்கின்றது.

2006இல் மூண்ட போரில் மூதூர் கிழக்கு வெறிச்சோடியது. சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2015, 2016இல் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. மறு ஆண்டு அங்கு சென்றபோது, தன் வளவுக்குத் திரும்பியிருந்த ஓர் ஆச்சியைச் சந்தித்தேன். நின்ற பனைகளிற் பல இல்லை. பதுங்கு குழிகளுக்குப் பனங்குற்றி எவ்வளவு தேவைப்பட்டது என்பது போர்ச்செய்தி எழுதிய எவருக்கும் தெரியும்.

அவர் எனக்கு அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"தம்பி, இது கிணத்தடிப் பனை. இதுட கொட்டைதான் கிழங்குக்கு நல்லம். அந்த வேலியோரத்தது காறும். ஓலைக்கு மட்டுந்தான் விட்டிருந்தம். இது முந்திப் பழுக்கும்."

பனை பற்றிய அறிவு என்று நான் இதுவரை எழுதியது பனை என்ற சாதியைப் பற்றியது. ஆச்சியிடம் இருந்ததோ இந்தப் பனை, அந்தப் பனை என்ற அறிவு. அதை முகாமுக்கு எடுத்துச் செல்ல முடிந்தது. அங்கே வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட மரம் இருக்கவில்லை. எந்தக் கணக்கெடுப்பிலும் இந்த இழப்புக்கு ஒரு நிரல் இருந்ததாக நான் அறியேன்.

வேலியோரமாகப் புதுக் கொட்டைகளைப் புதைத்திருந்தார். எந்த மரத்தினுடையவை என்று கேட்டேன். அயல் ஊரிற் பொறுக்கியவை என்றார். இனிக்குமா காறுமா என்று தெரியாது. ஆணா பெண்ணா என்பதும் பாளை விடும்வரை தெரிய வராது. அதற்கு இன்னும் சில ஆண்டுகள் உண்டு.