கட்டவிழாது ஏடு படித்தல்



சங்கத்தொகை நூல்களுள் ஒன்றாகிய பதிற்றுப்பத்து, பெயருக்கேற்பப் பத்துப் புலவர் பாடிய பத்துப் பத்துக்களை உடையதாய் இருத்தல் வேண்டும். 1904 ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தபொழுது எட்டுப் பத்துக்களே அச்சேறின. முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்றுவரை முழுமையாகக் கிடைத்தில. இடையில் உள்ளவை பிழைத்தன. இரு கோடியிலும் இருந்தவை மறைந்தன. ஓலைக்கட்டைக் கையாண்டு பழகியவர்க்கு இது வியப்பன்று. காற்றையும் கறையானையும் கைவிரலையும் முதலில் எதிர்கொள்வன மேலேடும் கீழேடுமே. நூலின் பெயர், படியெடுத்தவர் பெயர், எழுதி முடித்த நாள் ஆகியவற்றை ஏடெழுதியோர் பெரும்பாலும் இறுதியேட்டிலேயே குறித்து வைத்தனர். ஆதலின் கடையேடு ஒடிந்தால், கட்டு எஞ்சினும் அஃது யாதென்று கூறுவார் இலர்.

இவ்விடர் ஓலையோடு ஒழிந்ததென்றே கருதியிருந்தேன். சென்ற ஆண்டு அக்கருத்து மாறிற்று.

மட்டக்களப்பு நகருக்கு அணித்தாய், மாமாங்கேஸ்வரர் திருக்கோயிலாலும் ஆடியமாவாசைத் தீர்த்தத்தாலும் பெயர் பெற்றது அமிர்தகழி. இப்பகுதியின் பாடசாலைகளிலும் வீடுகளிலும் பழைய தாள்கள் மிகுதியாக இல்லை. 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளி கூரைகளைக் கொண்டுபோயிற்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் கரையோரத்தின்மேல் ஏறிற்று. இடையிலே போர்க்கால இடப்பெயர்வுகள். எமது பாடசாலையின் பழைய ஆண்டுமலர்களும் இவ்வாறே போயின. ஆயினும், வெளிநாடுகளிற் குடியேறிய பழைய மாணவர் சிலர் தம் பெட்டிகளில் வைத்துக் கொண்டுசென்ற பிரதிகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, இரண்டு கட்டுகளாகச் சுருக்கி இணையவழி அனுப்பினர். ஜிப் கோப்பு என்று மாணவர் வழங்குவது இதனையே. பல கோப்புகளை ஒன்று சேர்த்து, இடம் குறையுமாறு சுருக்கி அமைத்த ஒரே கோப்பு அது.

முதற்கட்டின் பெயர்ப்பட்டியலைக் கண்ட எங்கள் தகவல் தொழினுட்ப ஆசிரியர் என்னை அழைத்துக் காட்டினார். தமிழ்ப்பெயர் ஒன்றேனும் இல்லை. கிரேக்கரின் ஆல்பா எழுத்து, அதன்பின் இரட்டைக் கோணக்குறி, அதன்பின் ஏதோ ஓர் அந்நிய எழுத்து. மீண்டும் ஆல்பா, மீண்டும் கோணக்குறி. இவ்வாறே வரிசை வரிசையாகச் சென்றன. இரண்டாம் கட்டிலோ வினாக்குறிகள் மட்டும் நின்றன. கலைப் பட்டதாரியாகிய யான் கணினி நுட்பம் அறிந்தவனல்லேன். ஆயினும், ஒரு தவறு எங்கே பிறந்து எவ்வழியாக வந்ததென்று வினவுதல் வரலாறு கற்றவனின் பழக்கம். அவ்வினாவுக்குக் கிடைத்த விடையையே இன்று கூறப் புகுகின்றேன்.

சுருக்கும் கலைக்கு வேர்கள் இரண்டு. முதல்வேர் ஒரு பரீட்சையிலிருந்து தோன்றிற்று. 1951 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் இராபட் பானோ என்னும் பேராசிரியர், இறுதிப் பரீட்சை எழுதுக, அன்றேல் ஆய்வுக்கட்டுரை ஒன்று தருக என்று தம் மாணவரிடம் கூறினார். டேவிட் ஹஃப்மன் என்பவர் கட்டுரையைத் தெரிந்தெடுத்தார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியும், அரிதாய் வரும் எழுத்துக்கு நீண்ட குறியும் வழங்குதற்குரிய மிகச் சிக்கனமான முறையை அவர் கண்டுபிடித்தார். 1952 இல் அது வெளியாயிற்று. பரீட்சைக்கு அஞ்சும் என் மாணவர்க்கு இக்கதையை யான் இதுவரை சொன்னதில்லை.

இரண்டாம் வேர் 1977 ஆம் ஆண்டில் இஸ்ரவேல் நாட்டு அறிஞர்களான யாக்கோப் சிவ், ஆபிரகாம் லெம்பெல் ஆகிய இருவர் வெளியிட்ட முறை. முன் வந்த தொடர் மீண்டும் வருமாயின், அதனை முழுவதும் எழுதாது, 'இத்தனை எழுத்து முன்னே சென்று இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்க' என்று குறித்துவிடுதல். நம் காணி உறுதிகளை எழுதிய நொத்தாரிசுமார் 'மேற்படி' என்ற ஒரு சொல்லாற் செய்த வேலையும் ஏறக்குறைய இதுவே.

இனி, கட்டின் வரலாறு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரினரான பிலிப் காட்ஸ் என்பவர்மீது, அந்நாளில் வழங்கிய ஆர்க் என்னும் கட்டுமுறையின் உரிமையாளர் 1988 இல் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு இணக்கத்தில் முடிந்தபின், 1989 இல் காட்ஸ் தாமே ஜிப் என்னும் புதிய கட்டை அமைத்தார். அதனினும் பெரிய செயல் ஒன்றையும் செய்தார். கட்டின் உள்ளமைப்பை விளக்கும் ஆவணத்தை எவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டார். மேற்கூறிய இரு வேர்களையும் பிணைத்து இன்று எங்கும் வழங்கும் சுருக்குமுறையை 1993 இல் அதனுட் சேர்த்தார். ழான் லூ கையி, மார்க் அட்லர் என்னும் இருவர் 1995 இல் அம்முறைக்குரிய நிரலை எழுதி எல்லோர்க்கும் இலவசமாக அளித்தனர். அமைப்பை மறைத்து வைத்திருந்தால், முப்பது ஆண்டுக்குப்பின் கிழக்கிலங்கையில் ஒரு பாடசாலையில் அதனைத் திறக்க வழி இருந்திராது. காட்ஸ் 2000 ஏப்பிரலில், தம் முப்பத்தேழாம் வயதிற் காலமானார். அவர் பெயரின் முதலெழுத்துக்களாகிய பீ, கே என்பன மட்டும் ஒவ்வொரு கட்டினுள்ளும் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் இன்றும் பொறிக்கப்படுகின்றன.

அக்கட்டின் பெயர்ப்பட்டியல் எங்கே இருக்கிறதென்று ஆசிரியரைக் கேட்டேன். 'கடைசியில், சேர்' என்றார். எனக்குப் பதிற்றுப்பத்து நினைவுக்கு வந்தது. கட்டில் உள்ள கோப்புகள் எவை, ஒவ்வொன்றும் எத்தனையாவது இடத்திற் தொடங்குகின்றது, எவ்வளவு நீளம் என்பன யாவும் இறுதியில் ஒரு பட்டியலாக உள்ளன. கட்டைத் திறக்கும் நிரல் முதலில் வாலையே தேடுகின்றது. பதிவிறக்கம் நடுவில் அறுந்து வால் இன்றி வந்த கட்டை, 'இது ஜிப் கோப்பன்று' என்று தள்ளிவிடுகின்றது. ஆயினும் ஓலையினும் இது சற்று மேலானது. ஒவ்வொரு கோப்பின் முன்னும் அதன் பெயர் மறுபடியும் எழுதப்பட்டிருத்தலால், வாலற்ற கட்டையும் ஓரளவு மீட்டல் கூடும்.

பட்டியல் இருப்பதனால் மற்றொரு பெரும்பயன் உண்டு. நூறு கோப்புகளுள் ஒன்று மட்டும் வேண்டுமாயின், கட்டு முழுவதையும் அவிழ்த்துப் பரப்ப வேண்டியதில்லை. உரிய இடத்திற் சென்று அதனை மட்டும் விரித்துப் படிக்கலாம். இதனைச் செய்யும் நிரற்கூறுகளைப் பிறர் எழுதி ஒழுங்காகத் தொகுத்து வைத்துள்ளனர். அத்தகைய தொகுதிக்கு நிரல் நூலகம் என்று பெயர். உள்ளே நூல் ஒன்றும் இல்லாத நூலகம் என்று நகைத்தேன். நம் நாட்டின் உயர்தர வகுப்பில் இன்று கற்பிக்கப்படும் பைதன் என்னும் நிரல்மொழியில் 2000 ஆம் ஆண்டிலேயே ஜிப் நூலகம் சேர்ந்துவிட்டது. உள்ளிருக்கும் கோப்பொன்றை வெளியே எடுத்து வைக்காமல், வெளியில் உள்ள கோப்பைப் போலவே சிறிது சிறிதாகப் படிக்கும் வசதி 2008 இல் அதற்கு வந்தது. மின்னூல்களைத் திறக்கும் கருவிகளும் இவ்வழியே செல்வன; ஈபப் என்னும் மின்னூல் உண்மையில் ஒரு ஜிப் கட்டு. 2013 முதல் தமிழ்நாட்டு ஆர்வலர் இலவசமாக வெளியிட்டுவரும் தமிழ் மின்னூல்களுள் ஈபப் வடிவில் உள்ளவையெல்லாம் இத்தகையனவே.

அங்ஙனமாயின் ஆல்பா எங்கிருந்து வந்தது?

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எண் எந்த எழுத்தென்பதற்கு ஓர் அட்டவணை வேண்டும். காட்ஸ் தம் கட்டில் கோப்புப்பெயர்களுக்குக் கொண்டது, 1981 இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியின் 437 ஆம் இலக்க அட்டவணை. அதில் 256 இடங்களே உண்டு. ஆங்கில எழுத்தும், சில ஐரோப்பிய எழுத்தும், கணிதர்க்கு வேண்டிய கிரேக்க எழுத்துச் சிலவும், கட்டம் வரையும் கோடுகளும் அதில் நிறைந்தன. தமிழுக்கு இடமில்லை. அதற்காக அவரை நோதல் முறையன்று. அந்நாளில் தமிழர் தாமும் எழுத்துருவுக்கு ஓர் அட்டவணையாகப் பிரிந்து நின்றனர். 1991 இல் வெளிவந்த யூனிகோடு என்னும் ஒருங்குகுறியிலே தமிழ் இடம் பெற்றிருந்தும், 1998 ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளிற் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலிற் பிற குறிமுறைகளிலேயே நூல்களை வெளியிட்டுப் பின்னரே ஒருங்குகுறிக்கு மாறியது.

ஒருங்குகுறியைக் கோப்பில் எழுதும் யூடிஎப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள் வேண்டும். அகரத்துக்கு 224, 174, 133. முதலெண் எல்லாத் தமிழ்க்குறிக்கும் 224 தான். இரண்டாமெண் 174 அல்லது 175. மூன்றாவதே குறிக்குக் குறி வேறுபடும். பழைய 437 ஆம் அட்டவணையில் 224 ஆமிடத்தில் இருப்பது ஆல்பா. 174 உம் 175 உம் இடப்பக்கமும் வலப்பக்கமும் நோக்கிய இரட்டைக் கோணக்குறிகள். ஆகவே நாம் கண்ட குழப்பம் குழப்பமன்று. நல்ல தமிழே வேற்று அட்டவணையால் வாசிக்கப்பட்டது. இங்கே இன்னொன்றும் சொல்லத்தக்கது. தமிழுக்கு மூன்று மடங்கு இடம் செல்கின்றதே என்று சிலர் முறையிடுவர். ஓயாது மீண்டும் மீண்டும் வரும் அந்த 224 உம் 174 உம் சுருக்குமுறைக்கு நல்ல இரை. கட்டினுள் அப்பெருக்கத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகின்றது.

2006 இல் ஜிப் ஆவணம் திருத்தப்பட்டு, 'இப்பெயர் யூடிஎப்-8 முறையில் எழுதப்பட்டது' என்று அறிவிக்கும் ஓர் அடையாளம் சேர்க்கப்பட்டது. அடையாளம் இருந்தால் நூலகம் அவ்வாறே படிக்கும். இல்லையேல் 1981 இன் அட்டவணைக்கே திரும்பும். கட்டும் கருவிகள் சில, பெயரை யூடிஎப்-8 இல் எழுதியும் அடையாளத்தை இடாது விடுகின்றன. எமது முதற்கட்டு அத்தகையது.

பரிகாரம் எளிது. 437 ஆம் அட்டவணையில் 256 எண்களுக்கும் எழுத்து உண்டாதலால் ஒன்றும் இழக்கப்படவில்லை. ஆல்பாக்களைப் பழைய எண்களாக மீட்டு, அவ்வெண்களை யூடிஎப்-8 ஆக வாசித்தாற் போதும். 2022 அக்டோபரில் வெளிவந்த பைதன் 3.11 பதிப்பில், எந்த அட்டவணையைக் கொள்வதென்று திறக்கும்பொழுதே சொல்லலாம். ஆசிரியர் நான்கு வரி எழுதினார். 'ஆண்டுமலர்' என்ற சொல் திரையில் வந்தபொழுது அலுவலக எழுதுநரும் எழுந்து வந்து பார்த்தார்.

இரண்டாம் கட்டு இவ்வாறு இணங்கவில்லை. அதனைக் கட்டிய பழைய கருவி, தன் அட்டவணையில் இல்லாத எழுத்துக்கெல்லாம் வினாக்குறி இட்டுவிட்டது. தவறாக வாசித்ததை மீட்கலாம். எழுதாது விட்டதை எந்த நூலகமும் மீட்காது. மேலும் ஓர் ஆபத்து அதில் மறைந்திருந்தது. சம நீளமுள்ள பெயர்கள் இரண்டு, சம எண்ணிக்கையுள்ள வினாக்குறிகளாகி ஒரே பெயராயின. கட்டை அவிழ்த்து வெளியே பரப்பினால், பின்வரும் கோப்பு முன்வந்த கோப்பின்மேல் எழுதப்பட்டு அதனை அழித்துவிடும். பெயரைச் சொல்லி நூலகத்தைக் கேட்டாலும் பிந்தியதையே தரும். அவிழ்க்காது படிக்கும் அருமையை அன்றுதான் முழுவதும் உணர்ந்தேன். கடைப்பட்டியலின் வரிசைப்படி, பெயரை நம்பாது, முதலாவது, இரண்டாவது என்று ஒவ்வொன்றாக உள்ளிருந்தபடியே திறக்கச் செய்தார் ஆசிரியர். திறந்த படத்தின் அட்டையைப் பார்த்து ஆண்டை யான் வாசிக்க, அவர் புதுப்பெயர் இட்டார். இரண்டு பிற்பகல் சென்றன.

ஒரு மலருக்கு மட்டும் பெயரிட இயலவில்லை. படம் பிடித்தவர் கையிலிருந்த பிரதிக்கு முன்னட்டையும் பின்னட்டையும் இல்லை. உள்ளே நாடகப் படம் ஒன்றும், விளையாட்டுப் போட்டி முடிவுகளும், வகுப்புவாரியாகப் பெயர்களும் உள்ளன. அப்பெயர்களுள் ஒன்று எங்கள் பாடசாலையின் வாயிலிற் சிற்றுண்டி விற்கும் பெரியவருடையது. எந்த ஆண்டு என்று அவரைக் கேட்டிருக்கின்றேன். சூறாவளிக்கு முன்னா பின்னா என்பதில் அவருக்கும் அவர் தமையனாருக்கும் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை.